தேவன் சாத்தன் கொடுமணலுக்குப் போனாரா?

போன ஆவணியில் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளும் இப்போது சமூக அறிவியல் ஆசிரியைதான். சென்னிமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. "டீச்சர், ஒன்பதாவதுக்குத் தமிழ்ப் பிராமி பாடம் எடுக்கப் போறேனுங்க. ஒருநா வந்து பின்னாடி உக்காந்து பாருங்களேன்" என்றாள். சங்க காலக் கல்வெட்டுகளில் தமிழ் எழுதிய பழைய எழுத்துதான் தமிழ்ப் பிராமி. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வகுப்பறைக்குள் கால் வைக்க யாராவது கூப்பிட மாட்டார்களா என்றிருந்தது. அந்த வியாழக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

அருமையாக நடத்தினாள். புத்தகத்தைக் கையில் எடுக்கவே இல்லை. அறச்சலூர் நாகமலைக் குகையைப் பற்றிச் சொல்லும்போது கரும்பலகையில் த, தை, தா என்று எழுதி, மேஜையில் தாளம் போட்டாள். பிள்ளைகளும் கூடவே போட்டார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கல்வெட்டுல பேரு இருக்கற தேவன் சாத்தன், கொடுமணல்ல மணிக்கல்லு தரம் பார்த்தவரு. பகலெல்லாம் கல்லு பார்ப்பாரு. பொழுது சாஞ்சா மலையேறி வந்து பாட்டுக் கட்டுவாரு." கடைசி பெஞ்சில் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது நான் சொன்னது. அவள் எட்டாவது படிக்கும்போது இதே ஏற்ற இறக்கத்தோடு, இதே இடத்தில் குரலைத் தாழ்த்தி, நான் சொன்னது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

ஆதாரம் உள்ளது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாகமலைக் குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு கண்டு உலகுக்குச் சொன்னது. த, தை, தா, தே என்ற எழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒரே மாதிரி வரும். ஆட்டத்துக்கான தாளக்கட்டு என்கிறார்கள். பக்கத்திலேயே, எழுத்துகளைப் புணர்த்தவன் (சேர்த்து அமைத்தவன்) மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று ஒரு வரி. வண்ணக்கன் என்றால் மணியையோ காசையோ தரம் பார்த்துச் சொல்பவர். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் முடிவு. 1985 முதல் அங்கே தோண்டியதில் மணி செய்கிற பட்டறையின் தடயங்கள், துளை போட்டும் போடாமலும் பாதியில் நின்ற கல்மணிகள், இரும்பு உருக்கிய உலை, பேர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வந்தன. பெரில் என்ற மணிக்கல்லுக்குக் காங்கயம் பக்கத்துப் படியூர் இருந்தது.

கல் தரம் பார்க்கிற ஒருவர் இங்கே. கல் மணி செய்கிற ஊர் அங்கே. பைக் இருந்தால் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மனம் சும்மா இருக்குமா? இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. ஆனால் அந்தக் குகையில் அவர் பேர் வெட்டிய காலத்தில் கொடுமணல் பட்டறை ஓடிக்கொண்டிருந்ததா என்பதையே நான் யோசிக்கவில்லை. கல்வெட்டின் காலத்தை ஆய்வாளர்கள் எல்லாரும் ஒன்றுபோலக் கணிக்கவும் இல்லை. சேர்த்துச் சொன்னேன். வகுப்பு அமைதியானது. அடுத்த வருஷமும் சொன்னேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவளிடம் சொன்னேன். "கண்ணு, அந்தக் கொடுமணல் சங்கதி நானாச் சேர்த்தது. கல்வெட்டுல அப்படி ஒண்ணும் இல்ல." அவள் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அதைச் சொல்லாமயே இருந்திருக்கோணுங்களா டீச்சர்? அன்னைக்கு நீங்க அதைச் சொன்னதாலதான் நான் வரலாறே எடுத்தேன்" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாறு வருஷம் நான் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தேன். போரின் காரணங்கள், விளைவுகள், ஒன்று இரண்டு மூன்று. பிள்ளைகள் ஒப்பித்தார்கள், பாஸ் ஆனார்கள். தேர்ச்சி விகிதம் நன்றாக இருந்ததால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வரலாறு என்றால் மனப்பாடம் என்று பிள்ளைகள் நினைத்ததற்கு அந்த வருஷங்களில் நானும் ஒரு காரணம். பிறகு ஒருநாள் பாடத்தைக் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பின் முகமே மாறியது. அந்த முகங்களுக்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போனேன். முதல் காலத்தில் கற்பனை இல்லை. அடுத்த காலத்தில் கற்பனை இருந்தது, அதைப் பிடித்து நிறுத்தி "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்கிற ஆள் எனக்குள் இல்லை.

கற்பனை இல்லாமல் வரலாறு நடத்த முடியுமா என்றால், முடியாது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆர்.ஜி. காலிங்வுட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் இதற்கு ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். சீசர் ஒருநாள் ரோமில் இருந்தார், பிற்பாடு ஒருநாள் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் இருந்தார் என்று மட்டும் ஆதாரங்கள் சொல்கின்றன. நடுவில் அவர் பயணம் செய்தார் என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். அந்த நிரப்புதலும் கற்பனைதான், ஆனால் ஆதாரம் நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது. வழியில் யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று சேர்த்தால் அது நாவல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், காலையில் பெருந்துறையில் பார்த்த ஆளை மத்தியானம் காங்கயத்தில் பார்த்தால் அவர் பயணம் செய்திருக்கிறார், அது உறுதி. பஸ்ஸில் வந்தார் என்பது ஊகம். வழியில் டீக்கடையில் மச்சானோடு சண்டை போட்டார் என்பது நாம் கட்டுவது. இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கிற கோடு எங்கே என்று தெரிவதும், அதைப் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி போடுவதும்தான் ஒரு வரலாற்று ஆசிரியரின் தொழில் திறமை என்று நான் நினைக்கிறேன். எத்தனை வருஷம், எத்தனை ராஜா பேர் தெரியும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு இது உறைத்தது ஒரு போசி (பாத்திரம்) அரிசியால்.

தாது வருஷப் பஞ்சம் பற்றிப் பாடம். 1876 முதல் 1878 வரை. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா), யாராவது சோற்றை அள்ளி அள்ளித் தின்றால் "தாது வருசத்துப் பஞ்சத்துல அடிபட்டவனாட்டத் திங்கறான்" என்பார். அவர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர் இல்லை. அவருடைய அம்மாயி சொல்லக் கேட்டவர். கத்தாழைக் குருத்தை வேகவைத்துத் தின்ற கதை அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பாடப்புத்தகத்தில் நாலைந்து வரிதான் இருக்கும். அந்த நாலைந்து வரியைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வருகிற ஆண் ஆளுக்கு ஒருநாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம் தராசும் அரிசியும் கேட்டு வாங்கி, வகுப்பில் வைத்து ஒரு பையனை நிறுக்கச் சொன்னேன். அவன் போசியில் கொட்டி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினான். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற ஒரு மனுஷனுக்கு இவ்வளவுதான் என்றேன். வகுப்பு திடுக்கிடும் என்று எதிர்பார்த்தேன்.

"இது நெறையங்க டீச்சர்" என்றான் அவன். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஒலை வெப்பாங்க இவ்வளவுல."

அவன் சொன்னதில் தப்பில்லை. சத்துணவில் பெரிய வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசிதான். அந்தப் போசியில் இருந்தது மூன்று பிள்ளைகளின் மத்தியானச் சோறு. பொருளைக் கண்ணில் காட்டிவிட்டால் போதும், பிள்ளைகளின் மனம் தானாகப் பஞ்ச காலத்துக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அவர்கள் 1877க்குப் போகாமல் போசியைத் தங்கள் வீட்டு அடுப்புக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

என்ன சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நல்லவேளை, ஒரு பொண்ணு எழுந்து, "கொழம்புக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை சோறு தவிர என்னவெல்லாம் தின்றீர்கள் என்று கேட்டேன். பலகை நிறைந்துவிட்டது. இட்லி, முட்டை, பருப்பு, கீரை, டீ, முறுக்கு, வாழைப்பழம், தயிர். எல்லாவற்றையும் அழித்தேன். மிச்சம் அந்தப் போசி மட்டும். "அந்த ஓர் அணா இருக்குதில்லங்க" என்றான் ஒருத்தன். சரி, பஞ்சத்தில் விலை என்ன ஆகும்? எல்லாரும் வாங்க அலைகிறார்கள், சரக்கு இல்லை. ஓர் அணாவுக்கு எவ்வளவு பருப்பு கிடைக்கும்? அப்புறம் கணக்கு. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 450 கிராமுக்கு 1,600க்குக் கொஞ்சம் குறைவு. கடினமாக உடல் உழைக்கிற ஆணுக்கு மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். ஒரு பையனின் அப்பா கிணறு வெட்டப் போகிறவர். "எங்கப்பா வேலைக்குப் போற நாள்ல மூணு வேளையும் தட்டு நெறையத் திம்பாருங்க" என்றான். அதற்குப் பிறகு அந்தப் போசி சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் நிறுத்த பையன் போசிக்குள் கையை விட்டு அரிசியைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த பீரியடில் இன்னொன்று கேட்டேன். டெம்பிள் எதற்காகக் குறைத்தார்? மேலிடம் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய ஆள் அவர். அதே அரசாங்கத்தில் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிரைக் காக்கப் போதாது என்று எதிர்த்தார். 680 கிராம் தானியமும் அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். மார்ச்சில் மாகாண அரசு 570 கிராமாக உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. ஒரே அரசாங்கம், இரண்டு அதிகாரிகள், இரண்டு அளவு. யாருடைய கண்ணில் எது பட்டது, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்ததே தெரியவில்லை.

அந்த இரண்டு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். கற்பனைக்குத் தீனி ஆதாரம். தீனி போடாமல் விட்டால் அது தனக்குத் தெரிந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்.

காலிங்கராயன் வாய்க்கால் விஷயத்தில் நான் செய்த தப்பு வேறு மாதிரி. அது இன்னும் முந்தி, நான் கதை சொல்ல ஆரம்பிக்காத காலம். பவானிக்குப் பக்கத்தில் அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற தலைவர் வெட்டியது. ஈரோட்டைத் தாண்டிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேருகிறது. நேராகப் போனால் வாய்க்கால் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தூரம் இருக்கும். வாய்க்கால் வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது. 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. வாய்க்கால் கரையூர்ப் பையன் ஒருத்தன், "எங்க அப்பாரு சொன்னாருங்க, ஒரு பாம்பு முன்னாடி போச்சாம், அது போன தடத்துலயே வெட்டுனாங்களாம்" என்றான். "அதெல்லாம் கதை. உட்காரு. வருஷத்தை எழுது" என்றேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் முகம் ஞாபகம் வருகிறது.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி. பாம்பு போனதோ இல்லையோ, வாய்க்கால் ஏன் பாம்பு மாதிரிப் போகிறது? அவன் விவசாயி வீட்டுப் பிள்ளை. மடை திருப்பி வளர்ந்தவன். தண்ணீர் மேட்டில் ஏறாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராக வெட்டினால் தண்ணீர் சீக்கிரம் பள்ளத்துக்கு இறங்கி ஆற்றோடு போய்விடும். மேட்டை ஒட்டியே, சரிவு மிகக் குறைவாக இருக்கிற மாதிரி, நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து போனால்தான் கீழே இருக்கிற வயல்களுக்கெல்லாம் பாயும். இவ்வளவையும் அவனே சொல்லியிருப்பான். கருவி இல்லாத காலத்தில் அந்த மட்டத்தை எப்படிப் பார்த்தார்கள்? கொஞ்சம் வெட்டி, தண்ணீர் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மேலே வெட்டியிருக்கலாம். இது என் ஊகம், வகுப்பில் சொன்னாலும் ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். பாம்புக் கதைக்கும் வகுப்பில் இடம் உண்டு. வாய்க்காலின் வளைவைப் பார்த்து, இது சாதாரண ஆள் போட்ட தடம் இல்லை என்று வியந்த ஒரு சனத்தின் மனசு அதில் இருக்கிறது. காலிங்கராயன் வம்சத்தார் அந்த வாய்க்கால் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்து ஊரை விட்டே போனார்கள் என்ற கதையும் அப்படித்தான். அது நடந்ததா என்பது ஒரு கேள்வி. அப்படி ஒரு கதையை இந்தச் சனம் இத்தனை தலைமுறையாக ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்கிற ஆசிரியரிடம் அந்தப் பையன் பேசியிருப்பான்.

வரலாற்றை எப்படிப் படிப்பது, எப்படி நடத்துவது என்பதைப் பற்றி வெளிநாட்டில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது சாம் வைன்பர்க் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1991இல் வெளியிட்டது. எட்டு வரலாற்றாசிரியர்கள், எட்டுப் பள்ளி மாணவர்கள். 1775இல் அமெரிக்காவில் லெக்சிங்டனில் நடந்த மோதலைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாடப்புத்தகம் மாதிரிப் படித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் முதலில் பார்த்தது, இதை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று. பிறகு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் சிலர் அமெரிக்க வரலாற்றில் தேர்ந்தவர்கள் அல்ல. தெரியாத காலத்துக்குள்ளும் கேள்வி கேட்டுக்கொண்டே நுழையத் தெரிந்தவர்கள். லீ ஷுல்மன் என்ற இன்னொரு கல்வி ஆய்வாளர் 1986இல் இன்னொன்று சொன்னார். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிவது ஒன்று, இந்தப் பாடம் இந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் சிக்கும் என்று தெரிவது இவை இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு என்று. போசி அரிசி "நெறையங்க" என்று பையன் சொல்வான் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிறதுதான் அந்த மூன்றாவது அறிவு. அதற்கும் கற்பனை வேண்டும். இறந்த காலத்து மனுஷர் மனசுக்குள் போகிற கற்பனை பாதி. எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மனசுக்குள் போகிற கற்பனை மீதிப் பாதி. எனக்கு இரண்டாவது பாதி வர இருபது வருஷம் ஆனது.

பி.எட். படிக்கும்போது பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக. ஒரு கல்வெட்டின் நகலைக் கையில் கொடுத்து, இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று யாரும் கேட்டதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காவது அது வேண்டும். நேரம் இல்லை என்பார்கள். போர்ஷன் முடிக்கணும், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதியணும், பப்ளிக் பரீட்சை வருகிறது. எல்லாம் உண்மை. நானும் அதற்குள் கிடந்து உழன்றவள்தான். ஆனாலும் பத்தாவது காலக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தீரன் சின்னமலை ஆங்கிலேயரோடு மோதிய 1801 காவிரிக் கரை, 1802 ஓடாநிலை, 1804 அறச்சலூர், 1805 சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டது. காலக்கோடு போட்டுவிட்டு, "இந்தச் சண்டை எல்லாம் ஏன் 1801லருந்தே வருது? அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கணும்?" என்று கேளுங்கள். 1799இல் திப்பு சுல்தான் விழுந்ததை யாராவது ஒரு பிள்ளை தேடி எடுத்துவிடும். கூடுதலாக நாலு நிமிஷம் ஆகும். மார்க்கும் குறையாது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? இரண்டு நாள் கழித்து நானே போன் செய்தேன். "சொல்லாம விட வேண்டாம் கண்ணு. கேள்வியா மாத்திக் கேளு" என்றேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாள், மறுபடி போனேன்.

வகுப்பில் ஏறியதும், "போன வாரம் தேவன் சாத்தன் கொடுமணல்ல வேலை செஞ்சாருன்னு சொன்னேன். அதுக்கு ஆதாரம் இல்ல. எனக்குச் சொன்ன டீச்சரும் பின்னாடிதான் உக்காந்திருக்காங்க" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, ஆமாம், அது நான் செய்த தப்பு என்றேன். அவள் பலகையில் எழுதினாள்: தேவன் சாத்தன் கொடுமணலுக்குப் போயிருப்பாரா? எது கிடைத்தால் நம்பலாம்?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் முன்வரிசைப் பொண்ணு கை தூக்கினாள். "அங்க கெடைச்ச ஓட்டுலதான் பேரெல்லாம் கீறியிருக்குதுன்னு சொன்னீங்களே மிஸ். அதுல சாத்தன்னு ஒண்ணு இருந்தா நம்பலாங்க."

பின்னால் குசுகுசுத்த அந்த இரண்டு பையன்களில் ஒருத்தன் எழுந்தான். "எங்க வகுப்புலயே கார்த்தி மூணு பேரு இருக்கோமுங்க மிஸ். சாத்தன்னும் நெறையப் பேரு இருந்திருப்பாங்கல்ல?"